ஆடும் பாம்பும் மின்கிதாரும்

பாறசாலை வட்டாரத்தில் அண்மையில் நடந்த ஒரு கிளைக் கூட்டத்தில், மாநாட்டுக் கலைநிகழ்ச்சி பற்றிய பேச்சு வந்தபோது, இளந்தோழர் ஒருவர் தம் நண்பர்களின் ராக் இசைக்குழுவுக்கு மேடையில் அரைமணி நேரம் கேட்டார். அது ஏகாதிபத்தியப் பண்பாட்டின் இரைச்சல் என்று மூத்த தோழர் ஒருவர் சொன்னார். பேச்சு அத்துடன் முடிந்தது. அந்த மூத்த தோழரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் அன்று முடிக்கப்பட்ட பேச்சை இங்கே மீண்டும் தொடங்க விரும்புகிறேன்.

நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில் உருவான குழு ‘அவியல்’. டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன் புத்தன்வீட்டில், பின்னி ஐசக் ஆகியோர் அதன் கலைஞர்கள். அவர்களின் முதல் இசைத்தொகுப்பு, குழுவின் பெயரையே தாங்கி, 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. மின்கிதார், டிரம்ஸ், இசைத்தட்டைக் கையால் சுழற்றி எழுப்பும் ஒலி என எல்லாக் கருவிகளும் மேலை நாட்டவை. பாடல்கள் மட்டும் முழுக்க மலையாளம். அதற்கு முன் கொச்சியின் ‘13 ஏடி’ போன்ற குழுக்கள் திறமையாக ராக் இசைத்ததுண்டு. ஆனால் அவை பாடியது ஆங்கிலத்தில். கேட்டவர்களும் பெரும்பாலும் நகரத்துக் கல்லூரிகளைச் சேர்ந்தவர்களே.

‘நட நட’ என்ற பாடலால் அவியல் அறிமுகமானது 2003இல். முழுத்தொகுப்பு வர ஐந்தாண்டுகள் ஆயின. சினிமாவுக்கு வெளியே உருவாகும் இசைக்கு நம் நாட்டில் முதலீடு செய்ய முன்வருவோர் அரிது. மாநில மொழியில் ராக் என்றால் சொல்லவே வேண்டாம். கடைசியில் தொகுப்பை வெளியிட்டது மும்பையின் ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ். பின்னர் 2011இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் அதே குழுவின் ‘ஆனக்கள்ளன்’ இடம்பெற்றது. தனியே நின்று பாடியவர்களையும் முடிவில் சினிமாதான் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இசைச் சந்தையின் அதிகாரம் யார் கையில் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு சான்று தேவையில்லை. ஏகாதிபத்தியத்தைத் தேடுகிறவர்கள் கிதாரின் கம்பிகளில் அல்ல, இங்கேதான் தேட வேண்டும்.

இனி, நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று. அந்தத் தொகுப்பில் ‘ஆடு பாம்பே’ என்றொரு பாடல் உண்டு. அது ஸ்ரீ நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டு’. பாம்பை விளித்துப் பாடும் அந்த முறை, பாம்பாட்டிச் சித்தர் மரபிலிருந்து வந்தது. குரு தமிழ் கற்றவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். குமரி மாவட்டத்தின் மருந்துவாழ்மலையில் தவமிருந்தவர். 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று அவர் சாதி ஆணவத்தின் முகத்தில் அறைந்தாற்போலச் சிவனை நிறுவிய அருவிப்புறம், நெய்யாற்றின்கரைக்கு அருகில்தானே இருக்கிறது! தமிழ்ச் சித்தர் மரபு, ஈழவர் குலத்தில் பிறந்த துறவியின் மலையாளம், இரைச்சல் என்று நாம் ஒதுக்கிய ராக்: மூன்றும் அந்த ஒரே பாட்டில் கலந்திருக்கின்றன. பெயர் பொருத்தமானதுதான், அவியலுக்கு எல்லாக் காயும் வேண்டுமல்லவா?

கருவி அந்நியமானது என்ற வாதம் நமக்குப் புதிதன்று. நம் மேடைகளில் உரிமையோடு ஒலித்த ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்தது. அகில இந்திய வானொலி அதனை 1940 முதல் 1971 வரை விலக்கியே வைத்திருந்தது. அக்காலத்தில்தான் கேரள மக்கள் கலைக் கழகமான கே.பி.ஏ.சி., 1952இல் தோப்பில் பாசியின் ‘நிங்கள் என்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தை அரங்கேற்றியது. ஓ.என்.வி. குறுப்பின் வரிகளுக்கு ஜி. தேவராஜன் அமைத்த இசை வயல்வரப்புகளில் பரவியது. அந்தப் பாட்டில் தங்கள் வாழ்வு இருக்கிறதா என்றுதான் அன்று மக்கள் பார்த்தார்கள்.

எல்லா ராக் இசையும் முற்போக்கானது என்று நான் சொல்லவில்லை. கலகத்தையே சட்டைப்படமாக்கி விற்றுவிடும் சாமர்த்தியம் முதலாளித்துவத்துக்கு உண்டு. ஆனால் நம் எல்லைக் கிராமங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் அப்பால் சென்றன. நெய்யாற்றின்கரை இப்பால் நின்றது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் எழுதும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டு என்றால் சினிமாப்பாட்டு, அல்லது பக்திப்பாட்டு. செண்டையும் கீபோர்டும் கற்றுக்கொண்ட இளைஞனுக்குக் கோவில் திருவிழா மேடை தருகிறது. தேவாலயத் திருநாளும் தருகிறது. நாம் தருவதில்லை. கோவில் மேடைகளைக் கைப்பற்ற வகுப்புவாத சக்திகள் முனைந்து நிற்கும் இந்நாளில், அந்த இளைஞன் நாளை யாருடைய பாட்டைப் பாடுவான்?

இன்று ஒரு பாடலைப் பதிவு செய்ய மும்பை நிறுவனத்தின் தயவு வேண்டியதில்லை. ஒரு கணினியும் ஒலிவாங்கியும் கதவடைத்த ஓர் அறையும் போதும். மாலைக்குப்பின் பூட்டிக் கிடக்கும் நம் வாசகசாலை அறைகளைப் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். பாலராமபுரத்துக் குழித்தறியின் தாளத்தை, தறிக்காரர்களின் தமிழை, ரப்பர் பால் வடிப்போரின் விடியற்காலையை அவர்கள் பாடட்டும். கேட்டபின் குறை சொல்வோம். தோழமையுடன் சொன்னால் திருத்திக்கொள்வார்கள்.

மாநாட்டு வரவேற்புக் குழு விரைவில் கூடவிருக்கிறது. அந்த அரைமணி நேரக் கோரிக்கையை மீண்டும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.