ஓட்டையை அடைக்காத அரசு

1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் பதுளைத் தோட்ட மக்களிடமும் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. இல்லாதோர் நாடற்றோராயினர். லயத்தில் பிறந்தவன் பத்திரத்துக்கு எங்கே போவான்?

கேட்ட அரசு தன் பத்திரங்களைக் காத்த அழகைப் பாரீர்! 2023 ஓகஸ்ட் 26 இல் கணினிக் கொள்ளையர் அரசாங்க மின்னஞ்சல்களைப் பூட்டிக் கப்பம் கேட்டனர். மே 17 முதலான கடிதங்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. பயன்பட்டது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வழங்குவதை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு ஏப்ரல் 11 உடன் நிறுத்திவிட்டது. புதியதற்கு மாறப் பணமில்லையாம்! தனியே ஒரு பிரதி எடுத்து வைக்கவுமா பணமில்லை?

பசறையில் ஒரு பிறப்புப் பதிவு தொலைந்தால் அலைபவன் அதிகாரியல்லன், தொழிலாளியே. திருத்தம் வெளியான நாளையும் அதனை அரசு பொருத்திய நாளையும் பகிரங்கப்படுத்தச் சட்டம் வேண்டுமெனக் கோருகிறோம்.