வாசலில் விசா: இலங்கை பட்ட பாடு

பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கையில் இருந்தால் போதும். தூதரக வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம். விமானத்தை விட்டு இறங்கி, அங்கேயே ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து, பணத்தைக் கட்டி, விசாவை வாங்கிக்கொண்டு ஊருக்குள் போகலாம். உல்லாசப் பிரயாணிகளுக்குப் பல நாடுகள் செய்து கொடுத்திருக்கும் சௌகரியம் இது. "வந்திறங்கியதும் விசா" என்று இதைச் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன முத்திரைக்குப் பின்னால் ஒரு சர்க்காரின் வருமானம், பாதுகாப்பு, மானம் மூன்றும் அடங்கியிருக்கின்றன. இதை நம் பக்கத்து வீடான இலங்கை 2024-ம் ஆண்டில் நன்றாக உணர்ந்தது.

விசா அங்கே, சோதனை இங்கே

இலங்கைக் கதைக்குப் போகுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தி விடலாம். வந்திறங்கியதும் விசா என்றால் கேள்வி முறையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். விசா கொழும்பிலோ பாங்காக்கிலோ கிடைக்கலாம். முதல் சோதனை மீனம்பாக்கத்திலேயே நடந்து விடுகிறது. ஒரு பிரயாணியை உள்ளே விட முடியாது என்று போன இடத்து அதிகாரிகள் சொல்லிவிட்டால், அவரைத் திரும்ப ஏற்றி வரும் பொறுப்பு விமானக் கம்பெனியின் தலையில் விழுகிறது. ஆகவேதான் கம்பெனிச் சிப்பந்தி, "திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா? எங்கே தங்கப் போகிறீர்கள்? பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆயுள் இருக்கிறதா?" என்று துருவித் துருவிக் கேட்கிறார். அவர் மேல் கோபித்துப் பயனில்லை.

பெயரினாலும் குழப்பம் உண்டு. இந்திய சர்க்காரே இதில் மாட்டிக்கொண்டது. 2010 ஜனவரியில் ஜப்பான், சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாட்டாருக்கு இந்தச் சலுகையை இந்தியா முதலில் கொடுத்தது. 2014 நவம்பரில் 43 நாடுகளுக்கு விரிவாக்கியபோது, முன்கூட்டியே இன்டர்நெட்டில் மனுச் செய்து அனுமதி பெற்றால்தான் விமானம் ஏறலாம் என்று விதி வைத்தார்கள். பெயர் மட்டும் "வந்திறங்கியதும் விசா" என்றே இருந்தது! பெயரை நம்பியவர்கள் குழம்பினார்கள். 2015 ஏப்ரலில் அதை "இ-டூரிஸ்ட் விசா" என்று மாற்றிய பிறகே குழப்பம் குறைந்தது. அதே மாதத்தில் இலங்கைப் பிரஜைகளுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது.

டாலருக்குத் திறந்த கதவு

இலங்கை 2012 ஜனவரியிலிருந்து ஈ.டி.ஏ. என்ற முறையை நடத்தி வந்தது. புறப்படுமுன் இன்டர்நெட்டில் பணம் கட்டி அனுமதி பெறலாம். மறந்து போனவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கிச் சற்று அதிகம் கட்டிப் பெறலாம். இந்தியா போன்ற சார்க் நாட்டாருக்குக் கட்டணம் குறைவு, மற்றவர்களுக்கு அதிகம். முறை ஒழுங்காகவே நடந்து வந்தது.

வருமானத்தை நினைத்தால் கதவை அகலத் திறக்கத் தோன்றும். பாதுகாப்பை நினைத்தால் இழுத்து மூடத் தோன்றும். 2019 மே முதல் தேதியிலிருந்து 39 நாட்டாருக்குக் கட்டணமில்லாமல் விசா கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, மாதா கோவில்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திட்டம் நிறுத்தப்பட்டது. ஓட்டல்கள் வெறிச்சோடிப் போனதும், ஆகஸ்டில் முன்னைவிட அதிகமான நாடுகளுக்கு அதே சலுகையை அறிவிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து கொரோனா. அதன் பின்னர் 2022-ல் கஜானாவே காலி. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சர்க்கார் கையை விரித்தது. பெட்ரோலுக்கு மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்நிலையில் ஒவ்வொரு பிரயாணியும் நடமாடும் டாலர் அல்லவா? 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்ட ஏழு நாட்டாருக்கு இலவச விசா என்றது இலங்கை. அதே நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களை விசா இல்லாமலே வரச் சொல்லிவிட்டன. கடைத் தெருவில் போட்டி வந்த மாதிரிதான்.

சாவி கை மாறியது

இந்த நேரத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. 2024 ஏப்ரல் 17-ந் தேதி, இலங்கை தன் விசா மனு வேலையை வி.எப்.எஸ். குளோபல் நிறுவனமும் வேறு கம்பெனிகளும் சேர்ந்த கூட்டு ஒன்றிடம் ஒப்படைத்தது. பல நாட்டுத் தூதரகங்களுக்காக விசா மனுக்களை வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் அது. மனுச் செய்பவர் ஒவ்வொருவரிடமும் சேவைக் கட்டணம் 18.50 டாலர், சௌகரியக் கட்டணம் 6.77 டாலர், இன்னும் ஒரு சில்லறைத் தொகை என்று மொத்தம் 25 டாலருக்கு மேல் கூடுதலாக வசூலாயிற்று. சௌகரியம் யாருக்கு என்று மனுதாரர்கள் கேட்டதில் வியப்பில்லை. முன்பு 50 டாலரில் முடிந்த காரியத்துக்குப் பல வெளிநாட்டார் 100 டாலர் அளவுக்குக் கொடுக்க நேர்ந்தது. ஓட்டல்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஓர் இலங்கையர் குரலை உயர்த்தினார். "நம் நாட்டு வாசலில் விசா கொடுக்க வெளிநாட்டார் ஏன்?" என்பது அவர் கேள்வி. கவுண்ட்டரில் இருந்தவர்கள் இந்தியர்கள். அந்தப் படக்காட்சி செல்போன்கள் மூலம் நாடு முழுவதும் பரவியது. சில நாட்களில் கவுண்ட்டர்களில் குடிவரவுத் துறை அதிகாரிகளே வந்து உட்கார்ந்தார்கள். மந்திரிசபையும் கூடிப் பழைய 50 டாலர் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் கூட்டுக் கம்பெனியின் கட்டணம் போகவில்லை.

கவுண்ட்டரில் இருந்தவர்கள் எந்த நாட்டார் என்பதைப் பற்றியே அன்று அதிகம் பேசினார்கள். அந்தச் சிப்பந்திகள் பாவம், வேலைக்கு வந்தவர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பகிரங்க டெண்டர் இல்லாமல் இந்தக் கண்டிராக்ட் எப்படிக் கொடுக்கப்பட்டது? லட்சக்கணக்கான பிரயாணிகளின் பெயர், பாஸ்போர்ட் எண், போக்குவரத்து விவரம் எல்லாம் யார் வசம் போகின்றன? பார்லிமெண்டின் நிதிக் கமிட்டி இதைத்தான் விசாரித்தது. எம்.ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதும் இதற்காகத்தான். ஒரு தமிழர், ஒரு முஸ்லிம், ஒரு சிங்களவர்! இலங்கை அரசியலில் அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி.

ஆகஸ்ட் 2-ந் தேதி, புதிய ஏற்பாட்டை நிறுத்தி வைத்துப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரும்படி சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. உத்தரவு வந்தும் பழைய முறை வரவில்லை. வாரங்கள் ஓடின. செப்டம்பர் 21-ந் தேதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அனுரகுமார திசாநாயக்க பதவி ஏற்றார். அதே வாரத்தில், கோர்ட்டு அவமதிப்புக்காகக் குடிவரவுத் துறையின் தலைமை அதிகாரியைக் காவலில் வைக்கும்படி நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். எட்டு வாரமாக முடியாத காரியம் மாதம் முடிவதற்குள் முடிந்தது. ஈ.டி.ஏ. திரும்ப வந்து விட்டது.

அக்கரைக்குப் போகும் நம்மவர்

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிரயாணிகளின் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது. இலங்கைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளில் இந்தியர்களே முதலிடம். 2024-ல் வந்த இருபது லட்சத்துச் சொச்சம் பேரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் பறக்கிறது. நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. இதில் போகிறவர்கள் எல்லோரும் கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவர்கள் அல்லர். நல்லூர்த் திருவிழாவுக்கும், தங்கை மகள் கல்யாணத்துக்கும், பல வருஷங்களாகப் பார்க்காத அண்ணன் முகத்தைப் பார்க்கவும் போகிறவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் அவர்களும் டூரிஸ்ட்தான். பெரியவர்கள் நால்வர் போய், ஆளுக்கு 20 டாலர் வீதம் சார்க் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால், அதுவே ஆறாயிரம் ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் ஆளுக்கு 25 டாலர் என்றால் அந்தக் குடும்பம் யோசிக்கும். பிரயாணத்தையே தள்ளிப் போடும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கார் முத்திரையைப் போன்ற படத்தைப் போட்டு, விசா வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யும் தரகர் தளங்கள் இன்டர்நெட்டில் ஏராளம். சர்க்கார் கட்டணத்தைவிட மிக அதிகமாகக் கேட்பார்கள். குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். கட்டணமும் சலுகையும் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் வாங்கிய அன்று ஒரு தடவையும் புறப்படும் வாரத்தில் ஒரு தடவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதத்தைக் காகிதத்தில் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கப்பல் துறையில் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்காத சமயங்களும் உண்டு.