கீரைக்கும் வில்லங்கம் பார்க்கணும்

கோழிக்கறியோடு கீரையைப் பெரிய தீயில் மளமளவென்று வதக்கி இறக்கும் சமையலை ‘சைனீஸ்’ என்று நம்மாட்கள் ஒதுக்குகிறார்கள். தென்கிழக்கு ஆசியாவில் அப்படி வதக்கும் முக்கியமான கீரை, நம்ம ஏரிக்கரை வள்ளைக்கீரைதான். மலேசியாவில் கங்குங், இலங்கையில் கங்குன், வங்காளத்தில் கல்மி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, வங்காளப் பிள்ளைகளுக்கு இது ஊர்க் கீரை. திருவள்ளூர் மாவட்ட இயற்கை விவசாயிக்கு வாசலிலேயே சந்தை இருக்கு.

செய்முறையும் சுலபம். எலும்பில்லாத கறியை மெல்லிசா நறுக்கி, பூண்டு, மிளகோடு முழுசா வேகவிடணும். பிறகு தண்டு, கடைசியில் ஈரம் வடிந்த இலை. ஈரம் இருந்தால் குழைஞ்சிடும்.

ஆனால் ஒன்று. இந்தக் கீரை தண்ணீரில் இருக்கும் ஈயம், காட்மியத்தை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். கிருமி தீயில் சாகும். உலோகம் சாகாது, கழுவினாலும் போகாது. ஆலைக் கழிவு கலக்கும் ஓடையோரம் பறித்ததை, ரசாயன உரம் போடலை என்பதற்காக ‘இயற்கைக் கீரை’ என்று விற்பது நியாயமா?

வங்கியில் வில்லங்கச் சான்று பார்க்காமல் நிலத்தின் மேல் கடன் கொடுக்க மாட்டோம். கீரைக்கு வில்லங்கம் தண்ணீரில் இருக்கு. வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனை உப்பு, கார அமில நிலையோடு நின்றுவிடும்; ஈயம், காட்மியம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். ஆலைப் பக்கத்து நிலமென்றால் மண்ணையும் பாருங்கள். சுத்தம் என்று அறிக்கை வந்த பிறகு கட்டுக்கு ரெண்டு ரூபாய் கூட்டிக் கேட்டாலும் தப்பில்லை.