சூட்டில் பிடிக்காவிட்டால் இஞ்சின் போச்சா?

காலையில் பனிமூட்டத்துக்குள் நின்ற டிராக்டர் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. பதினோரு மணிக்கு உரமூட்டை இறக்குவதற்காக அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் முனகுகிறது, பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் நிழலில் கிடந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. இதற்கு மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் தீர்ப்பு தயாராக இருக்கும்: "ரிங் தேஞ்சு போச்சு, கம்ப்ரஷன் இல்ல, இஞ்சின இறக்கணும்." சொல்பவர் அனுபவசாலியாகத்தான் இருப்பார். ஆனாலும் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு.

தேயிலைச் சரிவில் டிராக்டர் உழப்போவதில்லை. அடிவாரத்துச் சமநிலத்திலும் காய்கறித் தோட்டங்களிலும் டிரெய்லர் இழுக்கும் கிழட்டு வண்டிகளைத்தான் சொல்கிறேன். 1964-இல் வந்த மாஸி ஃபெர்குசன் 135 ஒரு நல்ல உதாரணம். கேமரன் மலை முழுக்க ஓடும் லேண்ட் ரோவரையும் இதே கணக்கில் சேர்க்கலாம். 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோதே அது பண்ணைக்கென்று செய்த பாதி டிராக்டர்தான். 135-இன் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசலிலும், லேண்ட் ரோவரின் பழைய இரண்டேகால் லிட்டர் டீசலிலும் டீசலைச் செலுத்துவது ஒரே வகை சி.ஏ.வி. சுழல் பம்புதான். நோயும் ஒன்றே.

முதலில் கம்ப்ரஷனைப் பார்ப்போம். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டில்தான் எண்ணெய் பற்றும். ரிங் தேய்ந்து அமுக்கம் குறைந்தால் அந்தச் சூடு போதாது. அது முதலில் தெரிவது எப்போது? இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும் விடியற்காலையில். சுவரும் பிஸ்டனும் ஏற்கெனவே கொதிக்கும் மத்தியானத்தில் அதே இஞ்சின் சுலபமாகவே பிடிக்கும். பதினைந்து பதினாறு பாகைக் குளிரில் ஒரே சுற்றில் பிடித்த வண்டி மதியம் மறுத்தால், ரிங்கின் மீது சந்தேகம் கடைசியாகத்தான் போகவேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. வால்வு இடைவெளியை மிகவும் இறுக்கி வைத்திருந்தால், சூட்டில் தண்டு நீண்டு வால்வு முழுக்க மூடாமல் நிற்கும். அப்போது சூட்டில் மட்டும் அமுக்கம் கசியும். அதைச் சரிபார்க்க ஒரு ஃபீலர் கேஜ் போதும், இஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

"மலைக்காத்து மெலிசு, அதான்" என்பது அடுத்த வாதம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. உண்மைதான். ஆனால் காலை ஆறு மணிக்கும் அதே காற்றுதானே!

"டீசல் கொதிச்சு ஆவியாயிடுச்சு" என்பது பெட்ரோல் வண்டியிடம் கடன் வாங்கிய நோய். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35, 40 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும். பெட்ரோல் லேண்ட் ரோவருக்கு இந்தத் தொல்லை உண்மையிலேயே உண்டு. டீசல் கொதிக்கத் தொடங்க 160 பாகைக்கு மேல் வேண்டும். டீசல் குழாயில் குமிழி தெரிந்தால் அது வெளியிலிருந்து உறிஞ்சிய காற்று. மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. பழங்காலத்து இயற்கை ரப்பர் குழாய்க்கும் ஃபீட் பம்பின் டயாஃப்ரத்துக்கும் அது ஒத்துவராது. உப்பி, இளகி, காற்றை விடும். டேங்க் மூடியின் காற்றுத்துளையில் மண் அடைத்திருந்தாலும் வண்டி நின்று, காத்திருந்தால் ஓடும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால், அதுதான் காரணம்.

இனி ஸ்டார்ட்டர். "புது பேட்டரி போட்டாச்சே" என்று இதைத் தள்ளிவிடுவார்கள். செம்பு சூடேறினால் அதன் மின்தடை பாகைக்கு 0.39 விழுக்காடு கூடும். 25 பாகையில் இருந்த சுருள் 85-க்குப் போனால் தடை கால் பங்குக்கு நெருங்கிக் கூடிவிடும். அணைத்த உடனே இஞ்சின் ஆறிவிடுவதில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஓட்டமும் விசிறிக் காற்றும் நின்றதும், இரும்புக்குள் இருந்த சூடு வெளிப்பக்கம் வந்து, ஒட்டியிருக்கும் ஸ்டார்ட்டரைப் பத்து இருபது நிமிடம் வேகவைக்கும். இதோடு புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசினால் முனகல்தான் மிஞ்சும். பச்சை பூத்த எர்த் வயர் இன்னும் மோசம்: 300 ஆம்பியர் ஓடும்போது ஓர் ஓமில் ஆயிரத்தில் மூன்று பங்கு தடை இருந்தாலே ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். பேட்டரி புதிதாக இருந்து என்ன பயன்? இஞ்சினைச் சுழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவே மீட்டரை வையுங்கள்; அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அந்த வயர்தான். கியரில் நிற்கும் வண்டியின் ஸ்டார்ட்டரை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புவது வேண்டாம். பிடித்த வண்டி தொட்டவர் மேலேயே ஏறும்.

மெதுவாகச் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? இந்த ஒரு கேள்வியைப் பட்டறை போர்மன் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தால், அவர் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொள்ளலாம். வேகமாகச் சுற்றியும் புகைக்குழாயில் புகையே வரவில்லை என்றால் எண்ணெய் உள்ளே போகவில்லை. சுழல் பம்பின் ரோட்டருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில் அளப்பது. வருடக்கணக்கில் தண்ணீரும் தூசும் கலந்த டீசல் ஓடி அது அகன்றுவிடும். 40 பாகையிலிருந்து 80-க்குச் சூடேறினால் டீசலின் பிசுபிசுப்பு ஏறக்குறையப் பாதியாகும். ஸ்டார்ட்டர் சுற்றும் குறைந்த வேகத்தில் அழுத்தம் ஏறுவதற்குள் எண்ணெய் கசிந்துவிடும். காலையில் கெட்டியாக இருந்த டீசல் அந்தத் தேய்மானத்தை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பரிசோதனை கோணிப்பை. இஞ்சின் நின்றிருக்கும்போது ஈரக் கோணியைப் பம்பின் மேல் சுற்றிவைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துத் திருப்ப வேண்டும். பிடித்தால் பம்புதான். ஓடும் பம்பின் மேல் பச்சைத்தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. கூடு சட்டென்று சுருங்கி ரோட்டரைக் கவ்வினால் பம்பே போய்விடும்.

"இறக்கத்துல தள்ளினா பிடிக்குதே, அப்ப பம்பு நல்லாத்தான இருக்கு?" இந்த வாதம்தான் ஆளை ஏமாற்றுவது. இறக்கத்தில் உருட்டும்போது இஞ்சின் ஸ்டார்ட்டரைவிட வேகமாகச் சுற்றுகிறது. கசிவை மீறி அழுத்தம் ஏறிவிடுகிறது. தேய்ந்த பம்பும் செத்த ஸ்டார்ட்டரும் சரிவில் ஒரே மாதிரி உயிர்த்தெழும். சரிவு நிறைந்த ஊரில் இந்த நோய் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருப்பது அதனால்தான்.

ரிங் தேய்ந்த இஞ்சினே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும், விடியற்காலையில் சூடேற்றியைப் போட்டும் அடம்பிடிக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் தாராளமாக இறக்குங்கள். அதற்கு முன் நிறுத்தும் கேபிளை ஒருமுறை எட்டிப் பாருங்கள். சூட்டில் அதன் உறை இளகிப் பிடித்துக்கொண்டு, நெம்புகோல் 'நிறுத்து' என்ற இடத்திலேயே நிற்கக்கூடும்.