பதக்கம் வெல்லாத குழந்தைக்கும் மைதானம் வேண்டும்

2025 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற கேரளப் பள்ளி விளையாட்டு விழாவில் முதலமைச்சரின் தங்கக் கோப்பையைத் திருவனந்தபுரம் மாவட்டமே வென்றது. பாராட்டுக்குரிய வெற்றி. ஆனால் அதே மாவட்டத்தின் தென்கோடியில், களியக்காவிளையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த அணியிலும் இடம்பெறாத குழந்தை வாரத்தில் எத்தனை நாள் வியர்க்க விளையாடுகிறது?

5 முதல் 19 வயது வரையிலானோரில் உடல் பருமன் உள்ளோர் 9.4 விழுக்காடு, எடை குறைந்தோர் 9.2 விழுக்காடு என்று யுனிசெஃப் 2025 செப்டம்பரில் அறிவித்தது. உலக அளவில் பருமன் முந்தியது இதுவே முதல் முறை. இதைத் தாயின் செல்லம், பிள்ளையின் சோம்பல் என்று குடும்பத்தின் தலையில் கட்டுவது சந்தைக்கு வசதியான விளக்கம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் டர்ஃப் மைதானம் இருக்கிறது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எஞ்சுவது அலைபேசியும் ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலமும்தான்.

விளையாட்டு மட்டுமே பருமனைத் தடுத்துவிடாது. உணவும் மாற வேண்டும். பர்கர், பீட்சா போன்ற உணவுகளுக்கு 2016இல் கேரள இடது முன்னணி அரசு 14.5 விழுக்காடு வரி விதித்தது. மறு ஆண்டே ஜிஎஸ்டி வந்து, அப்படி வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து பறித்துக்கொண்டது.

மைதானம் பள்ளியின் கட்டாயத் தேவை என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. மைதானம் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்கக் கூடாது என்ற அளவுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கடுமை காட்டியது. அக்கறை நியாயமானது, மூடுவது தீர்வாகாது. மூடப்படுவது பெரும்பாலும் ஏழைகளின் பள்ளியாகவே இருக்கும்.

அதே அட்டவணையில் ஓர் ஓட்டையும் உண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு மாணவர்களுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். எண்ணிக்கையே அளவுகோல் என்றால், மொழிச் சிறுபான்மையினரின் சிறிய பள்ளிகளே முதலில் கைவிடப்படும். 1956இல் எல்லைக் கோடு விழுந்தபின் கேரளத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தாய்மொழிக் கல்வியைத் தேர்ந்தெடுத்ததற்கான தண்டனையாக இது ஆகிவிடக் கூடாது.

ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்குப் போய்விடுகிறது. இதற்குத் துறையின் தடை உண்டு. ஆனாலும் பெற்றோர், நம் தோழர்கள் உட்பட, அதை வரவேற்கவே செய்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். பூப்பெய்தியதும் ஓட்டம் நிற்கிறது. உடை மாற்ற அறையும் தூய்மையான கழிப்பறையும் இல்லாத மைதானம் அவர்களுக்கு மூடிய மைதானமே.

கேரளத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராம ஊராட்சியின் பொறுப்பிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சியின் பொறுப்பிலும் உள்ளன. ஆகவே இது கிராம சபையில் எழுப்பத்தக்க கோரிக்கை. இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு பயிற்றுநரை, மாதந்தோறும் தவறாத ஊதியத்துடன், ஊராட்சி நியமிக்க வேண்டும். நிலமில்லாத பள்ளிக்கு அருகிலுள்ள பொது இடம் ஒதுக்கப்பட வேண்டும். எல்லைப் பகுதிக் கிளைகள் தம் ஊர்ப் பள்ளியின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, விளையாட்டுப் பாடவேளை உண்மையில் நடக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.