முட்டு வாங்கியவர் சென்னைக்கு வந்த கதை

2006 ஜூலை 9. பெர்லினில் உலகக் கோப்பை இறுதியாட்டம், கூடுதல் நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் சட்டென்று திரும்பி வந்து, ஓர் இத்தாலிக்காரரின் நெஞ்சில் தலையால் முட்டித் தள்ளுகிறார். சிவப்பு அட்டை! ஜிடேனின் கால்பந்து வாழ்க்கை அதோடு முடிந்தது. கால்பந்தே பார்க்காத வீடுகளில்கூட அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

விழுந்தவர் மார்கோ மட்டெராஸி. அன்றைக்கு அவர் செய்த மற்ற காரியங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. 7-வது நிமிடத்தில் பிரான்ஸுக்கு பெனால்டி கிடைக்கக் காரணம் அவர்தான். 19-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி சமன் செய்ததும் அவர்தான். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டிலும் கோல் போட்டார். இத்தாலி கோப்பையைத் தூக்கியது.

முட்டு வாங்கியவருக்கும் தண்டனை கிடைத்தது. வாயை விட்டதற்காக இரண்டு ஆட்டம் தடை, 5,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். ஜிடேனின் சகோதரியைப் பற்றித் தப்பாகப் பேசியதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் சில பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரை இனவெறியர் என்று எழுதின. ஜிடேனின் அம்மாவை இழிவாகப் பேசியதாகவும் செய்தி பரவியது. பதினைந்து வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவர் மட்டெராஸி. வழக்குப் போட்டார். பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈடும் கொடுத்தன. அதை எத்தனை பேர் படித்தார்களோ!

இந்த மனிதரின் முதல் பயிற்சியாளர் வேலை எங்கே தெரியுமா? நம் பெரியமேட்டில்! 2014-ல் ஐ.எஸ்.எல். போட்டிகள் தொடங்கியபோது, ‘சென்னையின் எஃப்.சி.’ அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் 41 வயதில் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து சேர்ந்தார். பெயருக்காக வெளிநாட்டுக்காரரைக் கொண்டுவருகிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. அந்த வருஷம் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஆனால், லீக் சுற்றில் சென்னைதான் முதலிடம். 2006-ல் நெஸ்டா காயம்பட்டு வெளியேறியதால்தான் மட்டெராஸிக்கு உலகக் கோப்பையில் ஆடவே வாய்ப்பு வந்தது. அதே நெஸ்டா, சீசனின் கடைசிக் கட்டத்தில் அவருக்குக் கீழே ஆட சென்னைக்கு வந்தார். அரையிறுதியில் கொச்சியில் 0-3 என்று உதை. சென்னையில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது கேரளா ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான்.

அடுத்த வருஷக் கதைதான் கதை. 2015 சீசனில் லீக் சுற்று முடிய நான்கே ஆட்டங்கள் இருந்தபோது சென்னை அட்டவணையின் அடியில் கிடந்தது. அங்கிருந்து நான்கையும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்தது. கொலம்பியாக்காரர் மென்டோசா ஓடிய ஓட்டம் அப்படி! மிசோரம் பையன் ஜெஜேவும் கோல் போட்டுக்கொண்டிருந்தார். மட்டெராஸி பெரிய வியூக மேதை என்று நான் சொல்ல மாட்டேன். மென்டோசாவின் கால்களை அவர் நம்பினார், அது பலித்தது. ஆட்டக்காரர்களோடு ஆட்டக்காரராகவே இருந்து, கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டே இருப்பார். 2010-ல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த இரவில், இன்டர் மிலனை விட்டுப் போகும் பயிற்சியாளர் மொரின்யோவைக் கட்டிப் பிடித்து அழுதவர் அவர். பயிற்சியாளர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றிருப்பார் போல.

அப்போதுதான் வந்தது டிசம்பர் வெள்ளம். ஊரே தண்ணீரில் மிதக்கும்போது பந்து எங்கே உருளும்? சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. சொந்த ஊர் ரசிகர்கள் இல்லாத மைதானத்தில் நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் இறுதிக்குள் நுழைந்தார்கள்.

டிசம்பர் 20, கோவா. எதிரணிக்குப் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னே போனது. மைதானமே நீலக் கொண்டாட்டம். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியே பந்தைத் தன் வலைக்குள் விட்டுவிட்டார். பாவம், அவருக்கும் அது மறக்க முடியாத காட்சிதான். இரண்டு நிமிடம் கழித்து மென்டோசா... 3-2!

சீசனில் 13 கோல்களோடு தங்கக் காலணியும் மென்டோசாவுக்கே. வீடு வாசல் இழந்து, சேறு வழித்துக்கொண்டிருந்த சென்னைக்கு அந்த மாதம் வந்த ஒரே நல்ல சேதி அதுவாகத்தான் இருக்கும்.

2016-ல் மென்டோசா அணியில் இல்லை. எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017 மார்ச்சில் மட்டெராஸி விடைபெற்றார். அடுத்து வந்த ஆங்கிலேயர் ஜான் கிரெகரி, முதல் சீசனிலேயே இன்னொரு கோப்பையைக் கொண்டுவந்துவிட்டார்.