காயலான் கடையில் ஒரு கால் மிஷின்

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் கீரை வாங்கப் போன நான், ஒரு கால் மிஷினோடு வீடு திரும்பினேன். கீரை வாங்கவே இல்லை!

"இது எத்தனாவது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஒன்பதாவது" என்றேன் மெதுவாக. அவர் ஒன்றும் பேசவில்லை. தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். கூடத்தில் இடம் இருந்தால்தானே, பாவம்!

சிரிக்கிறீர்களா சகோதரிகளே? சிலர் பட்டுப் புடவை சேர்க்கிறார்கள், சிலர் பித்தளைப் பாத்திரம் சேர்க்கிறார்கள். எனக்குப் பழைய தையல் மிஷின். இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது.

1950-இல், கல்யாணமான புதிதில், அப்பா அம்மாவுக்குத் தவணையில் ஒரு சிங்கர் மிஷின் வாங்கிக் கொடுத்தார். அப்போது எங்கள் வானகரம் வயலும் வரப்புமாக ஒரு கிராமம். அப்பா திடீரென்று போய்விட்ட பிறகு, எங்கள் நாலு பேருக்கும் சோறு போட்டது அந்த மிஷின்தான். ராத்திரி கண் விழித்தால் 'கடகட' சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் அம்மா இருக்கிறாள் என்று திரும்பிப் படுத்துக்கொள்வோம். 1979-இல் அக்கா கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. யாரோ ஒரு வியாபாரி வந்தார். மிஷின் மாட்டு வண்டியில் ஏறிப் போயிற்று. அம்மா வாசல் வரைக்கும் வரவில்லை.

மிஷின் போனாலும் அதன் தவணைச் சீட்டு மட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தங்கிவிட்டது. அதில் மிஷினின் நம்பர் எழுதியிருக்கிறது. பழைய மிஷின் எங்கே கண்ணில் பட்டாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

அந்த நம்பர் ஒரு ஜாதகம் மாதிரி. மிஷின் தலையின் அடிப்பீடத்தில், வலது ஓரமாகப் பொறித்திருப்பார்கள். 1900-க்கு முன் வந்த சிங்கரில் வெறும் எண்தான். அதற்குப் பிறகு முன்னால் ஓர் எழுத்து. 1935 வாக்கிலிருந்து இரண்டு எழுத்து. 'ஒய்' என்று தொடங்கினால் அதற்கு முன்பு ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் செய்தது. 'ஈ' என்று தொடங்கி இரண்டு எழுத்து இருந்தால் அதே ஊரில் பிறகு செய்தது. 1885-இல் திறந்த அந்தத் தொழிற்சாலையை 1980-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றுதான் பெயர்!

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 1930-களிலேயே கல்கத்தாவில் ஜே என்ஜினியரிங் கம்பெனி 'உஷா' மிஷினைச் செய்ய ஆரம்பித்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பெரிய வணிக வளாகம் நிற்கிறது. எந்திரங்களைப் பற்றி அவ்வளவு கண்டிப்பாகப் பேசிய காந்திஜியே, 1924-இல், தையல் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார் தெரியுமோ? பெண்களின் கைக்கு உதவுகிற எந்திரம் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது.

சரி, ஒன்பதாவது மிஷினுக்கு வருகிறேன். நெடுஞ்சாலை ஓரத்துக் காயலான் கடையில் மிஷின் தலை ஒரு பக்கம் தராசில் ஏறியிருந்தது. இரும்புக் கால் தனியே சுவரில் சாய்ந்திருந்தது. "தலை எடைக்குப் போவும்மா. காலை ஓட்டல்காரர் கேட்டிருக்கார், மேலே கல்லு போட்டு மேசையாக்கிடுவார்" என்றார் கடைக்காரத் தம்பி. இப்போது இதுதான் நாகரிகம். காலுக்கு மதிப்பு இருக்கிறது, தலைக்கு இல்லை! தலை 12, 13 கிலோ வார்ப்பிரும்பு. எடை போட்டால் எத்தனை ரூபாய் வரும்?

குனிந்து பார்த்தேன். நம்பர் 'ஒய்' என்று தொடங்கியது. அம்மாவின் சீட்டில் இருப்பது 'ஈ'. நம்முடையது இல்லை. ஆனாலும் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. தலை, கால், கரையான் தின்னாத பலகை, இரண்டு டிராயர் எல்லாவற்றையும் சேர்த்துக் குட்டி யானை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

உங்களுக்கும் இந்த ஆசை வந்தால், பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். வாங்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள்.

கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பலவந்தம் வேண்டாம். பெரும்பாலும் அது துருவாக இருக்காது, பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். நம்மில் பலர் தேங்காயெண்ணெய் விடுகிறோமே, அதனால் வருகிற வினை! துவாரங்களில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு (அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம்) ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் மெல்லச் சுற்றுங்கள். இளகியதும் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள்.

அடுத்தது பாபின். வட்டப் பாபின் போடுகிற மிஷின் என்றால் கவலையில்லை. நம் ஊர் மிஷின்கள் பெரும்பாலும் அந்த மாதிரியைப் பார்த்துச் செய்தவை. சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். படகு போன்ற நீள ஷட்டில் என்றால், ஷட்டிலும் பாபினும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பலகையையும் டிராயரின் அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். சின்ன ஓட்டையிலிருந்து மாவு போல உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. வீட்டிலுள்ள கதவு ஜன்னலுக்கும் பரவும், வேண்டாம். நல்ல பலகையை வெயிலில் காய வைக்காதீர்கள், பிளந்துவிடும். இரும்புக் காலில் விரிசல் இருக்கிறதா, மிதி ஆடுகிறதா என்றும் பாருங்கள். தோல் பட்டை அறுந்திருந்தால் பரவாயில்லை, புதிது போட்டுக்கொள்ளலாம்.

மிஷின் தலையில் தங்க நிறப் பூ வேலை இருந்தால் தின்னரோ ஸ்பிரிட்டோ தொடவே கூடாது. மேல்பூச்சோடு பூவும் கரைந்து வந்துவிடும். மிஷின் எண்ணெயில் நனைத்த மெல்லிய துணி போதும்.

இன்னொன்று. பழைய சிங்கரின் ஊசிக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். 2009-இல் சவூதி அரேபியாவில் இந்த வதந்தி கிளம்பி, ஜனங்கள் கைபேசியை மிஷின் பக்கத்தில் வைத்துச் சோதித்துச் சோதித்துப் பெருந்தொகை கொடுத்து ஏமாந்தார்கள். அப்படி ஒரு பாதரசமும் கிடையாது, புதையலும் கிடையாது.

ஒரு வாரம் துடைத்தேன். கறுப்புக்கு நடுவே எகிப்து நாட்டு ஸ்பிங்க்ஸ் படம் தங்கமாக மின்னியது. மிதித்தால் வெண்ணெய் மாதிரி ஓடிற்று. கூடத்தில் நடுநாயகமாக வைத்து அழகு பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருப் பெண் வந்தாள். போன வருஷம் புருஷன் போய்விட்டான். கையில் இரண்டு குழந்தை. தையல் நன்றாகத் தெரியும். "கவர்மென்ட் மிஷினுக்கு மனு போட்டிருக்கேம்மா. அது வர்ற வரைக்கும் ஒண்ணு குடுத்தீங்கன்னா பொழைச்சுக்குவேன்" என்றாள். (ஏழை விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் திட்டம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.)

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஸ்பிங்க்ஸ் மிஷினைக் கொடுக்க மனசு வரவில்லை. மூலையில் கிடந்த ஏழாவதைக் கொடுத்தனுப்பினேன். அதில் அவ்வப்போது நூல் அறும் என்பது எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் ஒரு ரவிக்கையோடு வந்து நின்றாள். கைத்துண்டில் தையல் இழுத்துக்கொண்டு துணி கிழிந்திருந்தது. "கூலித் துணிம்மா. பீஸ் வாங்கிக் குடுக்கணும். பரவால்லம்மா, என் கைவாகுதான் சரியில்ல" என்றாள்.

அவள் கைவாகு நன்றாகத்தான் இருந்தது. சரியில்லாதது என் மனசு. ஊர்த் துணி தைத்துப் பிழைத்தவளின் மகள் நான். ஒரு ரவிக்கைத் துணி பாழானால் அந்த வாரம் வீட்டில் என்ன குறையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே ஸ்பிங்க்ஸ் மிஷின் அவள் வீட்டுக்குப் போயிற்று. துணிக்கு உண்டான பணத்தையும் கொடுத்தேன். "அரசாங்க மிஷின் வந்ததும் திருப்பிடறேம்மா" என்றாள். "அது வந்தாலும் இது உன்னுடையதுதான்" என்றேன். கூடவே, அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, வெளிச்சம் இடது பக்கமிருந்து வரட்டும், முதுகை வளைக்காமல் உட்காரு என்றும் சொன்னேன். இதையெல்லாம் அம்மாவுக்கு அன்று சொல்ல ஆளில்லை. கடைசிக் காலத்தில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

அந்தக் கடைசிக் காலத்தில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்: "உன் மிஷினைத் தேடிக்கிட்டேதாம்மா இருக்கேன். நம்பர் பொருந்தவே மாட்டேங்குது." அம்மா சிரித்தாள். "பொருந்தலைன்னா நல்லதுதானேடி! காயலான் கடைக்கு வந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம். வரலைன்னா எங்கேயோ எவளோ ஒருத்தி வீட்டுல ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்." அப்போது எனக்கு அது வெறும் சமாதானமாகத்தான் பட்டது.

இப்போது ராத்திரியில் சில நாள் அடுத்த தெருவிலிருந்து 'கடகட' சத்தம் கேட்கிறது. நானும் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

ஏழாவதைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியானதும் அதுவும் கூடத்தில் நிற்காது. என் வீட்டுக்காரர் நாற்காலி மறுபடி உள்ளே வந்துவிட்டது. ஆனால் நான் கீரை வாங்கக் கிளம்பினால் மட்டும், "நான் வேணா வாங்கி வரட்டுமா?" என்கிறார்!